இரண்டு தட்டு

கடைசி சிங்கிள் முடிந்து
கலெக்‌ஷனைக் கட்டிக் கொடுத்துவிட்டு
ஒன்பதேகாலுக்கு மாடி ஏறுகிறேன்.
செக்காலையில், கீழே கேஸ் அடுப்பு ரிப்பேர்.
மேலே நீல மேட், இருபத்திரண்டு துண்டு.
இருபத்து மூன்றாவதை எடுத்தது
எலியா, கட்டிட ஓனரா,
இன்னும் தீர்ப்பாகவில்லை.

சனிக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து கோச் வருவார்.
மற்ற நாளெல்லாம்
செல்போனில் ஓடும் ஐந்து நிமிடம்தான் கோச்.
அதுவும் திட்டாது.

முதலில் இறால்.
மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி
இடுப்பைப் பிடுங்கிப் பின்னால் நடு.
அப்படியே அந்தச் சுவர் வரை.
பிறகு இந்தச் சுவர்.
ஜியு-ஜிட்சு ஆடும் ஊரிலெல்லாம்
இதற்கு இறால் என்றுதான் பெயராம்.
இறாலைத் தொக்காக மட்டுமே அறிந்த காரைக்குடியில்
நாற்பத்தோரு வயதில்
எண்பத்தாறு கிலோ இறாலாக
ஊர்ந்துகொண்டிருக்கிறேன்.

எண்ணுவது எனக்குத் தொழில்.
ஏறிய தலை, இறங்கிய தலை,
தேவகோட்டை ரஸ்தாவில் படியில் தொங்கும் தலை.
பகலெல்லாம் ஆளை எண்ணிய வாய்
ராத்திரி இடுப்பை எண்ணுகிறது.
நாற்பதில் குதிகால் காந்தும்.
அறுபதில் சலிப்பு.
எழுபத்தைந்தைத் தாண்டினால்
சலிப்புக்கே சலித்துப்போய்
ஓரமாக எங்கோ உட்கார்ந்துகொள்ளும்.
அப்போதுதான் தெரிந்தது:
என் இடது கால் திருடன்.
ஊன்றாமலே ஊன்றியதாகக் கணக்குக் காட்டுகிறான்.
டிக்கெட் எடுக்காதவன்
ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்க்கும் பார்வை
எனக்குத் தெரியாதா.
பிடித்துவிட்டேன்.
அவனுக்கு மட்டும் அபராதம், தினம் நாற்பது கூடுதல்.

சாத்தப்பன் என் ஜோடி.
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போடுகிறவன்,
ஐம்பத்தெட்டு கிலோ.
காலையில் நரம்பு தேடிய அதே விரல்
ராத்திரி என் முழங்கையைத் தேடும்.
ஐம்பது முறை அவன் என் கையை மடியில் பூட்டுவான்,
ஐம்பது முறை நான் அவன் கையை.
பூட்டுவதைவிடப்
பூட்டக் கொடுப்பதில்தான் அதிகம் கற்றேன்;
எந்த இடத்தில் வலி வரும் என்பதல்ல,
வலி வருவதற்கு
எத்தனை ஸ்டாப் முன்னால் இறங்கலாம் என்று.

பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போகலாம்.
இங்கே இரண்டு தட்டு என்றால் நிறுத்து.
முதல் மாதம் குழம்பிப்போய்
‘ரைட்’ என்றே ஒருநாள் கத்திவிட்டேன்.
அவன் இன்னும் இறுக்கினான்.

மூன்று மாதம்,
ஒன்றும் நடக்கவில்லை.
நடுராத்திரியில் சுவரை உதைத்து நகர்கிறேனாம்,
கட்டிலில் தனக்கு இடம் கூடியிருப்பதாக
சிவகாமி சொன்னாள்.
அவ்வளவுதான் முன்னேற்றம்.

ஆடியில் ஒரு செவ்வாய்.
மின்விசிறி நின்றுபோன ஐந்து நிமிடம்.
சாத்தப்பன் மேலே, நெஞ்சின் குறுக்கே.
எப்போதும் இந்த இடத்தில் என் கை
அவனைத் தள்ளப் போகும்,
அவன் அதை வாங்கிக்கொள்வான்,
நான் தட்டுவேன்.
அன்று கை போகவில்லை.
நான் விசில் கொடுக்கும் முன்னே
வண்டி நகர்ந்திருந்தது.
இடுப்பு ஒரு சாண் தள்ளி,
நடுவில் ஒரு முட்டி.
யார் வைத்தது?
இடது முட்டி.
அவன்தான், அந்தத் திருட்டுப் பயல்.

‘எங்கண்ணே போனீங்க?’ என்றான் சாத்தப்பன்,
மூச்சு வாங்கிக்கொண்டே.
பத்து நொடி இருக்கும்.
அந்த மகிழ்ச்சியில் மறு கையை நானே நீட்டிவிட்டேன்.
இரண்டு தட்டு.

வியர்வையைத் துடைக்காமல்
திரும்ப மல்லாந்து படுத்தேன்.
அபராதம் இன்னும் நாற்பது பாக்கி.
ஓரத்தில், துண்டு இல்லாத இடத்தில்
மொசைக் தரை குளிர்ந்து கிடக்கிறது.
முதுகு அதைத் தொட்டுத் திரும்பினால்
ஒன்று.